வெங்காயம் அரியும் முறை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழியில் அமைந்த ஊர் கிளியனூர். அதற்கு அப்பால், கீழைக் கடலோரத்தில், மரக்காணத்து உப்பளங்கள் பரந்து கிடக்கின்றன. இந்நிலப்பகுதி பண்டைக்காலத்தில் ஓய்மானாட்டைச் சேர்ந்திருந்தது. அந்நாட்டை ஆண்ட நல்லியக்கோடனைத் தலைவனாகக் கொண்டு இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது சிறுபாணாற்றுப்படை. வீமன் இயற்றிய சமையல் நூலின் நெறி வழுவாது ஆக்கிய பல்வகை உணவுகளைப் பொற்கலத்தில் இட்டு, அம்மன்னன் பாணர்க்குத் தானே நின்று ஊட்டுவான் என்று அந்நூல் கூறுகின்றது. சமையலுக்கும் நூல் உண்டு, நெறி உண்டு என்று நம் முன்னோர் கருதினர் என்பது இதனால் விளங்கும். அந்நெறிகளுள் முதற்கண் பயிலத்தக்கது காயை ஒரே அளவாக அரிதல். அதற்கு வெங்காயமே தக்க எடுத்துக்காட்டு.

காமராசர் ஆட்சிக்காலத்தில், 1956ஆம் ஆண்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நண்பகல் உணவு வழங்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. ம. கோ. இராமச்சந்திரன் ஆட்சியில், 1982ஆம் ஆண்டில், அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. கிளியனூர் முதலிய ஊர்களில் பள்ளிச் சமையற்கூடத்தில் பல பிள்ளைகளுக்கும் ஒரே அண்டாவில் குழம்பு கொதிக்கின்றது. வீட்டில் ஒரு கறி கெட்டுவிட்டால் வேறொன்று செய்துகொள்ளலாம். உணவு மணி அடிக்கும் வேளையில் அண்டாக் குழம்பு கெட்டால் என் செய்வது? அங்கே பொருளும் அளவுபட்டது; காலமும் அளவுபட்டது. ஆதலின் அரியும்போதே கருத்துடன் இருத்தல் வேண்டும்.

வாணலியில் இட்ட துண்டுகள் அனைத்திற்கும் தீ ஒன்றே, காலமும் ஒன்றே. வெப்பம் துண்டின் புறத்திலிருந்து உள்ளே மெல்ல மெல்லச் செல்லும். துண்டின் கனம் இரு மடங்கானால், வெப்பம் அதன் நடுவைச் சென்று சேர ஏறத்தாழ நான்கு மடங்கு காலம் வேண்டும். பெரிய துண்டு வேகும் வரையில் பொறுத்தால் சிறிய துண்டு கருகிக் கசக்கும். சிறியது பொன்னிறமானவுடன் இறக்கினால் பெரியது பச்சையாகவே நிற்கும். கருகிய சில துண்டுகளின் கசப்பு குழம்பு முழுவதிலும் பரவும். உப்பளத்திலும் இந்நெறியைக் காணலாம். பாத்தியின் தரை மேடும் பள்ளமுமாக இருந்தால், மேட்டில் நின்ற நீர் முன்னரே வற்றும். பள்ளத்து நீர் பின்தங்கும். அதனாலன்றோ உப்பளத் தொழிலாளர் தரையை மிதித்துச் சமன்செய்த பின்னரே உவர்நீரைப் பாய்ச்சுகின்றனர்!

வெம்மை, காயம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து வெங்காயம் என்றாயின. காயம் என்பது காரமுள்ள பொருள். இதற்கு ஈருள்ளி என்ற பெயரும் உண்டு. இதன் மடல்கள் ஒன்றனுள் ஒன்றாக அடுக்கப்பட்டவை. அவற்றைச் சிதறாமல் பிணைத்து நிற்பது அடியிலுள்ள வேர்த்தட்டு. இவ்வமைப்பை அறிந்தவர்க்கு அரிதல் எளிது. வேர்த்தட்டை முதலிலேயே வெட்டி எறிந்தால் மடல்கள் நழுவிப் பிரியும். துண்டுகளும் ஒழுங்கு கெடும்.

பெரிய வெங்காயத்தின் முனையைச் சிறிது நீக்கி, முனையிலிருந்து வேர்வரை நெடுக்காக இரு பாதியாக்குக. தோலை உரித்து, வெட்டிய முகம் பலகையில் படியுமாறு கவிழ்த்து வைக்க. முனையிலிருந்து வேரை நோக்கி ஒரே இடைவெளியில் நெடுக்காகக் கீறுக. வேர்த்தட்டு மட்டும் அறுபடாமல் இருத்தல் வேண்டும். பின்னர் அதே இடைவெளியில் குறுக்காக அரிந்துகொண்டே வருக. இறுதியில் வேர்த்தட்டு மட்டும் கையில் எஞ்சும். காயைப் பிடித்த கையின் விரல்நுனிகள் உள்ளே மடங்கியிருத்தல் நன்று. அரிவாள்மணையில் அலகு நிற்கக் காய் நகரும். கத்தியிலோ காய் நிற்க அலகு நகரும். கருவி வேறாயினும் முறை ஒன்றே. சாம்பாருக்குரிய சிறிய வெங்காயமாயின், பருத்தவற்றை மட்டும் இரண்டாகப் பிளந்து, மற்றவற்றிற்கு ஒப்பாக்கினால் போதும்.

இதனுள் ஒரு கணக்கும் அடங்கியுள்ளது. கவிழ்த்து வைத்த பாதியை முனைப்புறமிருந்து நோக்கினால் அரைவட்டமாகத் தோன்றும். கத்தியை எங்கும் செங்குத்தாகவே இறக்கினால், ஓரங்களில் மடல்கள் நிமிர்ந்து நிற்பதால் அங்குள்ள துண்டுகள் நீண்டுவிடும். அரைவட்டத்தின் மையத்தை நோக்கிச் சாய்த்துக் கீறினாலோ, புறமடல் துண்டுகள் பெரியனவாகும். உள்மடல் துண்டுகள் மிகச் சிறியனவாகும். ஆகவே இரண்டற்கும் இடைப்பட்ட வழியே ஏற்றது. பலகைக்குக் கீழே, மையத்திற்கு நேராக, ஆரத்தில் பாதிக்குச் சற்று மிகுந்த ஆழத்தில் ஒரு புள்ளி இருப்பதாகக் கருதுக. ஆரம் 4 செ.மீ. ஆயின் அவ்வாழம் ஏறத்தாழ 2¼ செ.மீ. ஆகும். நெடுக்குக் கீறல்கள் யாவும் அப்புள்ளியை நோக்குமாறு கத்தியை ஓரங்களில் சாய்த்தல் வேண்டும். இவ்வளவை அண்மைக்காலக் கணித அறிஞர் கணக்கிட்டுக் கூறியுள்ளனர். நாள்தோறும் அரிந்து பழகிய கை, கணக்கறியாமலே ஓரத்தில் சற்றுச் சாய்வதையும் காணலாம்.

வெங்காயம் அரிவார் கண்ணீர் வடிப்பது ஏன்? அதன் உயிரணுக்களில் கந்தகம் கலந்த பொருளும், அதனைச் சிதைக்கும் நொதியும் தனித்தனியே அடங்கியுள்ளன. அணு உடைந்தவுடன் இரண்டும் கலக்க, கண்ணை உறுத்தும் ஆவி எழுகின்றது. அவ்வாவி தோன்ற வேறொரு நொதியும் துணைபுரிகின்றது என்பதை 2002ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். மழுங்கிய கத்தி அணுக்களை நசுக்கும். கூரிய கத்தி சிலவற்றையே உடைத்துச் செல்லும். எனவே கூரிய கத்தியால் கண்ணீரும் குறையும், துண்டும் நசுங்காது. மழுங்கிய கத்தி வழுக்கி விரலில் பாய்வதும் உண்டு.

ஒரே அளவாக அரிந்த வெங்காயம் ஒரே பதத்தில் வதங்கி ஒரே நிறம் பெறும். அத்தகைய குழம்பைப் பரிமாறும்போது, வரிசையின் முதலில் அமர்ந்த பிள்ளைக்கும் கடைசியில் அமர்ந்த பிள்ளைக்கும் சுவை வேறுபடுவதில்லை. நல்லியக்கோடன் காலத்துப் பொற்கலம் இன்று இல்லை. எனினும் உண்பாரை மதித்து நெறி தவறாமல் ஆக்குதல் என்னும் அவ்வறம், காய் அரியும் ஒவ்வொருவர் கையிலும் இன்றும் உள்ளது.