றோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே கார்: பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

பனி உருகி உப்பு கழுவப்பட்டதும் மொன்றியல் சோர்சஸ் றோட்டில் ஸ்போர்ட்ஸ் கார்கள் உறுமத் தொடங்கிவிடும். ரொக்ஸ்பரோவில் வீட்டுக்கு ஒருவருக்காவது அந்த ஆசை உண்டு: கிழமை நாளில் வேலைக்குப் போகவேண்டும், கோடையில் இரண்டொரு சனிக்கிழமை ட்ராக்கிலும் ஓடிப் பார்க்கவேண்டும். மகன் கேட்கிறாரோ, மகள் கேட்கிறாவோ, உங்களுக்கே ஆசையோ, காசு பத்திரமாக இருக்கச் சில வழிகள் இதோ.

1. கையில் 20,000 டொலர் இருக்கிறதா? 15,000 டொலர் காரைத் தேடுங்கள். மிச்சம் வரிக்கும், நாலு ரயருக்கும், பிறேக்குக்கும், வாங்கிய முதல் மாதத்திலேயே தலைகாட்டும் ஒயில் கசிவுக்கும் போய்விடும்.

2. குதிரைவலுவைப் பார்த்து மயங்கவேண்டாம், எடையைப் பாருங்கள். இப்போதைய வடிவ மஸ்டா எம்.எக்ஸ்-5 (எல்லோரும் மியாட்டா என்பது இதைத்தான்) ஏறத்தாழ 1,060 கிலோ. வி8 எஞ்சின் மஸ்ராங் 1,700 கிலோ அளவில் நிற்கிறது. பாரமான கார் ரயரையும் பிறேக்கையும் பெற்றோலையும் தின்றுகொண்டே இருக்கும், போதாததற்குக் கியூபெக்கில் பெரிய எஞ்சினுக்குப் பதிவோடு மேலதிகக் கட்டணமும் கட்டவேண்டும்.

3. சிக்கனத்தில் என் முதல் ஓட்டு மியாட்டாவுக்கே. பாகங்கள் மலிவு, திருத்தத் தெரிந்தவர்கள் ஏராளம், ட்ராக்கில் நாள் முழுக்க ஓடியும் சோராது. இரண்டே சீற், அதனால் பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்க வேறு கார் இருக்கும் வீட்டுக்கே பொருந்தும்.

4. சுபாரு பி.ஆர்.இசட்., சயன் எஃப்.ஆர்-எஸ்., டொயோட்டா 86 மூன்றும் அடியில் ஒரே கார்தான். முதல் வடிவத்தில் 2 லீற்றர் எஞ்சின், 200 குதிரைவலு. சயன் என்ற பெயரையே டொயோட்டா 2016இல் கைவிட்டுவிட்டதால் அந்தச் சின்னம் ஒட்டியது பல நேரம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். 2013ஆம் ஆண்டுக் காரென்றால் எஞ்சினின் வால்வு ஸ்பிரிங்குக்கு வந்த ரீகோல் வேலை நடந்ததா, அதற்குப் பிறகு எத்தனை கிலோமீற்றர் சிக்கலில்லாமல் ஓடியது என்று பற்றுச்சீட்டோடு கேளுங்கள்.

5. வீட்டுக்கே ஒரு கார்தான் என்றால் ஹொண்டா சிவிக் எஸ்.ஐ. அல்லது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.ரி.ஐ. குழந்தை சீற்றும் பூட்டலாம், அரிசி மூட்டையும் ஏற்றலாம். முன்சக்கரம் இழுப்பதால் பனியிலும் பயமில்லை.

6. மலிவான பழைய ஜெர்மன் கார்தான் உலகத்திலேயே விலை கூடிய கார்! 2001 முதல் 2006 வரை வந்த பி.எம்.டபிள்யூ. எம்3 வகையில் எஞ்சினின் கொன்ரொட் பேரிங்கும், பின்பக்க சப்ஃபிரேம் பூட்டியிருக்கும் தகடு வெடிப்பதும் பெயர்போன சிக்கல்கள். போர்ஷ் பொக்ஸ்டர், கேமன் என்றால் 2008 வரையான எஞ்சின்களில் ஐ.எம்.எஸ். பேரிங் என்றொரு சின்னச் சாமான் இருக்கிறது. அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். 2009இல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே ஒரு வருடம் புதிதாகப் பார்த்து, விலை சற்றுக் கூடினாலும் வாங்குவது லாபம். பழையதுதான் மனதுக்குப் பிடித்திருந்தால் பேரிங் மாற்றிய சீட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

7. விலை பேச நல்ல காலம் ஒக்ரோபர், நவம்பர். கூரை திறக்கும் காரை ஆறு மாதம் கராஜில் வைக்க இடமில்லாதவர்கள் அந்த நேரத்தில் இறங்கி வருவார்கள். ஏப்ரலில் முதல் வெயில் பட்டதும் அதே கார் அதே விளம்பரத்தில் விலையேறி நிற்கும்.

8. டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கியூபெக்கில் பனிக்கால ரயர் இல்லாமல் றோட்டில் இறங்க முடியாது. கோடை ரயரோடு நிற்கும் காரை அந்த நாள்களில் ஓட்டிப் பார்க்கவும் முடியாது, வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது. நவம்பர் முடிவதற்குள் அலுவலை முடியுங்கள்.

9. மொன்றியலில் காரைக் கொல்வது எஞ்சின் இல்லை, துரு. மேலே பளபளவென்று இருக்கும் கார் அடியில் உழுந்து வடை மாதிரி ஓட்டையாக இருக்கலாம், அதனால் உயர்த்திப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்கவேண்டாம். மியாட்டாவில் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கதவுக்கீழ் விளிம்பு, சிவிக்கில் பின் மட்காட் வளைவு, எந்தக் காரிலும் பிறேக் ஒயில் போகும் குழாய்கள், சஸ்பென்ஷன் பூட்டிய இடங்கள் என்று ஒவ்வொன்றாக டோர்ச் அடித்துப் பாருங்கள். அடியில் புத்தம்புதிதாகக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது எதை மறைக்கிறது என்று கேளுங்கள்.

10. "பனிக்காலத்தில் வெளியே எடுத்ததே இல்லை" என்று எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அது உண்மையென்றால் சேமித்து வைத்த காலத்து இன்சூரன்ஸ் கடிதமோ, வருடாவருடம் துருத்தடுப்பு எண்ணெய் அடித்த சீட்டோ இருக்கவேண்டும். வாங்கிய பிறகு நீங்களும் இலையுதிர் காலத்தில் ஒரு தடவை அடித்துவிடுங்கள். தகடு வெட்டி ஒட்டும் செலவோடு பார்த்தால் அது சில்லறைக் காசு.

11. 2017இலும் 2019இலும் பிரெய்ரி ஆறு பெருகி நம் பியர்ஃபொன்-ரொக்ஸ்பரோ வீதிகளுக்குள் வந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். 2024 ஓகஸ்ட் மழையில் நகரம் முழுக்க நிலக்கீழ்க் கராஜ்கள் நிரம்பின. சீற் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்து மண்கறை இருக்கிறதா என்று பாருங்கள், சீற் தண்டவாளத்தைத் தடவிப் பாருங்கள், ஸ்பெயர் ரயர்க் குழிக்குள் சேறு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக இருந்தால் மூக்கை இன்னும் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோங்கள்.

12. காசு கொடுக்க முன் ஆர்.டி.பி.ஆர்.எம். பதிவேட்டில் காரின் வின் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். முந்தியவரின் கடன் காரின் மேல் இருந்தால் அதில் தெரிந்துவிடும். கட்டணமும் மிகக் குறைவு. கூடவே கார்ஃபக்ஸ் அறிக்கையும் எடுத்து, வி.ஜி.ஏ. என்று குறிக்கப்பட்ட பெரிய விபத்துக் காரா என்று பார்த்துவிடுங்கள்.

13. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வின், கதவுச் சட்டத்தில் உள்ள வின், பதிவுப் பத்திரத்தில் உள்ள வின் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். கார் களவுக்குப் பேர்போன ஊர் நம்முடையது.

14. தனியாரிடம் வாங்கினால் கியூபெக் வரி 9.975 வீதம் மட்டும். விற்பனை நிலையத்தில் வாங்கினால் அதோடு மத்திய வரி 5 வீதமும் சேரும். "விலையைக் குறைத்து எழுதித் தாறன்" என்று விற்பவர் உதவ வந்தால் நம்பவேண்டாம். சொன்ன விலை, புத்தக மதிப்பு இரண்டில் கூடியதற்கே பெரும்பாலும் வரி போடுவார்கள், பொய் எழுதிய பழி மட்டும் உங்களுக்கு மிஞ்சும்.

15. ஸ்காபரோவில் இருக்கும் மச்சான் "இங்கே மலிவு" என்று படம் அனுப்பியிருக்கிறாரா? ஒன்ராறியோக் காரை இங்கே பதிய முன், கியூபெக்கில் வாகனப் பதிவைக் கவனிக்கும் எஸ்.ஏ.ஏ.கியூ. அங்கீகரித்த இடத்தில் இயந்திரப் பரிசோதனை கட்டாயம். அந்தச் செலவையும் திருத்தச் செலவையும் கூட்டிவிட்டு மலிவா என்று பாருங்கள். ஒன்ராறியோவில் தனியார் விற்பனைக்குத் தரவேண்டிய வாகனத் தகவல் கட்டில் முந்திய சொந்தக்காரர் விபரம் இருக்கும், அதை மச்சானிடம் கேட்டு வாங்குங்கள்.

16. பார்க்கப் போவதாகச் சொல்லும்போதே "எஞ்சினைச் சூடாக்கி வைக்காதீர்கள்" என்று சொல்லிவிடுங்கள். தட்டல் சத்தம், நீலப் புகை, சங்கிலிச் சத்தம் எல்லாம் குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்யும் முதல் நிமிடத்தில்தான் வெளிப்படும். போனதும் பொனற்றைத் தொட்டுப் பாருங்கள். சூடென்றால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்புங்கள்.

17. ஓ.பி.டி. வாசிக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வீட்டில் வையுங்கள், எல்லாக் காருக்கும் உதவும். எச்சரிக்கை விளக்கு எரியாததோடு திருப்திப்படாமல், சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் அதில் பாருங்கள். எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால் யாரோ அண்மையில் பிழைகளை அழித்திருக்கலாம், அல்லது பற்றறியைக் கழற்றிப் பூட்டியிருக்கலாம்.

18. ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலையை விட நம்மூர்க் குழி றோட்டே நல்லது. ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கூவான் வீதியில் மெதுவாகப் போங்கள். சஸ்பென்ஷன் தானாகப் பேசும். பிறகு நாற்பதில் வேகமெடுத்து இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்குச் சட்டென்று மாற்றிப் பாருங்கள். கரகரத்தால் கியர்பெட்டி செலவு வருகிறது.

19. நீலம் பாய்ந்த பிறேக் தட்டு, சக்கர வளைவுக்குள் ஒட்டிய ரப்பர்த் துகள், வெளி ஓரம் மட்டும் உருண்ட ரயர், சீற்றுக்குப் பின்னால் பெல்ட் பூட்டிய ஓட்டை: இவை ட்ராக்கில் ஓடிய அடையாளங்கள். ஓடியது குற்றமில்லை, மறைப்பதுதான் குற்றம். மூவாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில் மாற்றிக் கொப்பியில் எழுதி வைத்த ட்ராக்காரரின் கார், ஒயிலே பார்க்காமல் கடைக்குப் போய்வந்த காரை விட எனக்கு மேல்.

20. கூட்டி மாற்றிய காருக்குக் கூட்டிக் காசு கொடுக்கவேண்டாம். சைலன்சர் மாற்றியிருந்தால் பொலிஸ் ஒரு பக்கம் மறிக்கும், சத்தக் கட்டுப்பாடு உள்ள ட்ராக்கில் மறுபக்கம் திருப்பி அனுப்புவார்கள். கழற்றிய அசல் பாகங்கள் பெட்டியில் இருந்தால் அவற்றையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

21. ரயர் பக்கத்தில் உள்ள கடைசி நாலு இலக்கம்தான் அதன் பிறந்தநாள்: 2319 என்றால் 2019இன் 23ஆவது கிழமை. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறேழு வயது ரயரோடு ட்ராக்கில் இறங்கவேண்டாம்; அந்த நாலு ரயர் விலையை அங்கேயே கழிக்கச் சொல்லுங்கள். பனிக்கால ரயரைப் பிறேக் இடிக்காத அளவுக்குச் சின்ன ரிம்மில் தனியாகப் பூட்டி வைத்தால் ரயரும் மலிவு, மாற்றும் கூலியும் மிச்சம்.

22. ட்ராக்குக்கு முதற்செலவு எஞ்சினுக்கு வேண்டாம், பிறேக் ஒயிலுக்குச் செய்யுங்கள். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும், அப்போது மிதிகட்டை நிலத்தோடு போகும். நம் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2012இல் இதே மொன்றியல் ஜில் வில்நெவ் திடலில் கனடா கிராண்ட் பிரீ ஓடியபோது, பிறேக் கோளாறால்தான் பாதியில் நிறுத்தினார், அவருடைய எச்.ஆர்.ரி. அணியின் மற்றக் காரும் அதே காரணத்தால் நின்றது. எஃப்1 காருக்கே அந்தப் பாடு, நம் சிவிக் எம்மாத்திரம்? வருடத்துக்கு ஒருக்கால் ஒயிலை மாற்றி, வெப்பம் தாங்கும் பாட் போட்டால் முதல் வருடத்துக்கு அது போதும்.

23. காரைத் தெரிவு செய்யும் முன்பே வின் இலக்கத்தைக் கொடுத்து இன்சூரன்ஸ் விலை கேளுங்கள். இருபது வயதுப் பிள்ளையின் பெயரில் சில கார்களுக்கு வரும் தொகையைப் பார்த்தால் ஆசை தானாகவே அடங்கும். பந்தயம், வேகப் போட்டியில் வரும் சேதத்தை வழமையான காப்பு ஏற்காது. சும்மா ட்ராக்கில் சுற்றினால் எப்படி என்பதை எழுத்தில் வாங்குங்கள். பூட்டிய திடலில் நடக்கும் போட்டியில் உடம்புக்குக் காயம் வந்தாலும் எஸ்.ஏ.ஏ.கியூ. இழப்பீடு கிடையாது, ஆகவே அதையும் விசாரித்து வையுங்கள்.

24. முன்பு ரொக்ஸ்பரோவிலிருந்து ஒரு எட்டில் சென்ற்-யூஸ்ரஷ் ஒட்டோட்ரோம் இருந்தது, 2019இல் மூடிவிட்டார்கள். இப்போது வடக்கே மொன்-ட்ரெம்ப்ளான் (1964இல் திறந்தது, 4.26 கிலோமீற்றர், 1968இலும் 1970இலும் கனடா கிராண்ட் பிரீ நடந்த இடம்) அல்லது ஒன்ராறியோவில் கலபோகி (2006இல் திறந்தது, 5.05 கிலோமீற்றர்). முதல் தடவை பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும் நாளாகப் பார்த்துப் பதியுங்கள். நல்ல பயிற்சியாளர் ரயர்ச் செலவிலேயே தன் கூலியை மீட்டுத் தந்துவிடுவார்.

25. ஹெல்மெற் வாங்கும்போது உள்ளே ஸ்நெல் எஸ்.ஏ. முத்திரை இருக்கிறதா பாருங்கள். மோட்டார் சைக்கிள் ஹெல்மெற்றைப் பல ட்ராக்குகளில் ஏற்கமாட்டார்கள், இரண்டு தரம் வாங்குவது வீண்.

26. றோட்டில் பந்தயம் ஓடிப் பிடிபட்டால் குறைந்தது 1,000 டொலர் அபராதமும் 12 புள்ளியும். அந்தக் காசுக்கு ட்ராக்கில் ஒரு நாள் ஓடி, வரும் வழியில் சாப்பிட்டும் வரலாம்.

27. பனிக்காலத்தில் நிறுத்தி வைப்பதானால் தொட்டி நிறையப் பெற்றோலும் அதற்கான நிலைப்படுத்தியும் ஊற்றி, ரயர்க் காற்றைக் கொஞ்சம் கூட்டி, பற்றறிக்குப் பராமரிப்புச் சார்ஜர் பூட்டுங்கள். ஹாண்ட்பிறேக்கை இழுக்காமல் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இன்சூரன்ஸைச் சேமிப்புக் காப்பாக மாற்றச் சொன்னால் மாதாமாதம் மிச்சம்.

28. ட்ராக்குக்குப் புறப்பட முன் காரைக் காலி செய்யுங்கள்: குழந்தை சீற், தண்ணீர்ப் போத்தல், டிக்கியில் உருளும் தேங்காய் எல்லாம் வீட்டில் நிற்கட்டும். டொலார்-தெ-ஓர்மோ முருகன் கோயிலில் பூசை செய்து டாஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரையும் பத்திரமாக இறக்கி வைக்கவேண்டும், சுளுவாகக் கழன்று பறப்பார். ஓடி முடித்துச் சூடாக வந்து நிறுத்தும்போது ஹாண்ட்பிறேக் வேண்டாம், கியரில் விடுங்கள்.

29. கலபோகி போகிறவர்கள் ஒன்ராறியோ எல்லை தாண்டி ஹோக்ஸ்பரியில் பெற்றோல் நிரப்புங்கள், வழமையாக இங்கேயை விட அங்கே மலிவு. சக்கர நட்டுகளையும் அந்த நிறுத்தத்திலேயே ஒருக்கால் முறுக்கிப் பார்த்துவிட்டால் ட்ராக்கில் வரிசையில் நின்று மினக்கெட வேண்டியதில்லை.