மாங்குயிலுக்கு என்ன வைப்பது?

மயிலாப்பூர்,
ஐப்பசி முதல் வாரம்

அன்புள்ள மீனாவுக்கு,

ஆரஞ்சுப் பழத்தை இரண்டாக நறுக்கிக் கொல்லைச் சுவரில் வைத்தும் மாங்குயில் எட்டிப் பார்க்கவில்லை, காக்கை மட்டும் வந்து உருட்டித் தள்ளிவிட்டுப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அடையாறு வீட்டுக்குக் குடிவந்த கையோடு கொல்லையில் பறவை வர வேண்டும் என்று நினைத்தாயே, அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அதே கடிதத்தின் கடைசி வரியில், முருங்கையை வெட்டிவிட்டுக் கொல்லை முழுக்க சிமெண்ட் கல் பதிக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அதனால்தான் போனில் பேசாமல் விரிவாக எழுத உட்கார்ந்தேன்.

ஆரஞ்சுப் பழமும் திராட்சை ஜெல்லியும் வைப்பது அமெரிக்காவில் இருக்கும் பழக்கம். அங்கே ஓரியோல் என்று சொல்லும் பறவை நம் மாங்குயிலின் குடும்பமே இல்லை. மஞ்சளும் கறுப்புமாக இருந்ததைப் பார்த்து, ஐரோப்பாவிலிருந்து போய்க் குடியேறியவர்கள் தங்கள் ஊர்ப் பறவையின் பெயரை அதற்கும் வைத்துவிட்டார்கள். பால்டிமோர் ஓரியோல் வீட்டுத் தோட்டத்துத் தட்டுக்கு இறங்கி வந்து சாப்பிடும். நம் மாங்குயில் உயரமான கிளைகளிலேயே பொழுதைக் கழிக்கும், தரைக்கு இறங்குவது அபூர்வம். நீ வீடியோவில் பார்த்ததை அப்படியே இங்கே செய்து பலன் கிடைக்காததில் ஆச்சரியமில்லை.

உன் வீட்டுப் பக்கம் இரண்டு வகை வரலாம். ஒன்று, உடம்பெல்லாம் மஞ்சளாய், கண் வழியே ஒரு கறுப்புக் கோடு ஓடும் மாங்குயில். வட இந்தியாவிலும் அதற்கும் வடக்கே மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே வருவது. இப்போதுதான் அது வரும் பருவம், பங்குனி வரை இருக்கும். மற்றொன்று, தலை முழுக்கக் கறுப்பாக, அலகு சிவப்பாக இருக்கும் கருந்தலை மாங்குயில். இது ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது. தியசாபிகல் சொசைட்டித் தோட்டத்தில் காலை நேரத்தில் நடந்தால் குழல் ஊதுகிற மாதிரி அதன் குரல் கேட்கும். பறவையைத் தேடி அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று சொல்லாதே. குரல் வந்த திசையில் இலைக்கொத்தைப் பார்த்துக்கொண்டே பொறுமையாக நில், தானாக அடுத்த கிளைக்குத் தாவும்.

இரண்டுக்கும் சாப்பாடு ஒன்றுதான்: ஆல், அரசு, அத்திப் பழங்கள், கல்யாண முருங்கையும் இலவமும் பூக்கும்போது அவற்றின் தேன், இவற்றோடு நிறையப் பூச்சி, புழு. இதில் எதையும் நாம் தட்டில் வைக்க முடியாது. மரம்தான் வைக்க முடியும், இருக்கிற மரத்தைக் காப்பாற்றத்தான் முடியும். உன் வீடு இருக்கும் இடத்தை யோசித்துப் பார். மேற்கே கிண்டித் தேசியப் பூங்காவும் ஐ.ஐ.டி. வளாகமும். கிழக்கே 1882இல் வாங்கப்பட்ட தியசாபிகல் சொசைட்டித் தோட்டம், சற்றுத் தெற்கே கலாக்ஷேத்திரா. ஒரு தோப்பிலிருந்து இன்னொரு தோப்புக்குப் போகிற பறவை நடுவில் இறங்கி இளைப்பாறுவது காந்தி நகர், கஸ்தூரிபாய் நகர் வீடுகளின் கொல்லை மரங்களில்தான். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. அதில் தப்பி நின்ற மரம் உன் முருங்கை. அதை நீயாக வெட்டலாமா?

மாப்பிள்ளைக்கு முருங்கைக் கம்பளிப்பூச்சி என்றால் அருவருப்பு என்று தெரியும். குட்டிப் பயல் ஓடியாடும் இடம், பயம் நியாயமானது. ஆனால் மழைக்காலத்தில் சில வாரம்தான் அந்தத் தொல்லை. அந்த நாட்களில் மரத்தடியில் துணி உலர்த்தாதே, பையனை அந்தப் பக்கம் விடாதே. செண்பகமும் சுடலைக்குயிலும் அந்தக் கம்பளிப்பூச்சியை விரும்பிச் சாப்பிடும். தீப்பந்தம் கொளுத்துவதோ மருந்து அடிப்பதோ வேண்டாம்.

மருந்து விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போன பங்குனியில் என் வீட்டு மாடிப்படி ஓரத்துத் துணிக்கொடியின் நுனியில் தேன்சிட்டு ஒன்று கூடு கட்டியது. பெண் சிட்டுதான் கட்டும். சிலந்தி நூலை அலகில் சுருட்டிக்கொண்டு வந்து, காய்ந்த நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் புழுவின் எச்சத்தையும்கூட அதில் வைத்து ஒட்டிற்று. தள்ளி நின்று பார்த்தால் ஏதோ ஒட்டடை தொங்குகிறது என்றுதான் தோன்றும். வாசலுக்கு மேலே வெயில் படாமல் குட்டியாக ஒரு கூரை நீட்டல் வேறு. நாளெல்லாம் செம்பருத்தியிலும் இட்லிப்பூவிலும் தேன் குடிக்கிற பறவை, குஞ்சுகளுக்குக் கொண்டுவந்து ஊட்டியது என்ன தெரியுமா? சிலந்தியும் இளம் புழுவும். வளர்கிற குஞ்சுக்குத் தேன் மட்டும் போதாது. செடியில் ஒரு புழுவும் இருக்கக்கூடாது என்று மருந்து அடிக்கிற வீட்டில் பூ எவ்வளவு பூத்தாலும் அந்தக் குஞ்சு பிழைக்காது. தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிடலாமா என்று கேட்டாயே, வேண்டாம். இரண்டு செம்பருத்தி, ஒரு வெட்சி வை. கறிவேப்பிலையை ஒடித்து ஒடித்துக் குள்ளமாக்காமல் ஒரு கிளையையாவது காய்க்க விடு. அந்தக் கறுப்புப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் போட்டி போட்டுக்கொண்டு வரும்.

சிமெண்ட் கல்லுக்கு வருகிறேன். மண் தரையில் சருகு கிடந்தால் உனக்குக் குப்பையாகத் தெரிகிறது. தவிட்டுக்குருவிக் கூட்டம் அந்தச் சருகைப் புரட்டித்தான் பூச்சி பிடிக்கிறது. இந்த மாதத்தில் முக்கியமான விருந்தாளி இன்னொருவர் உண்டு: ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, வயிற்றடியில் சிவப்பு, குட்டை வால், ஒன்பது நிறம் சேர்ந்தாற்போல் இருக்கும். வடக்கிலிருந்து இரவெல்லாம் பறந்து களைத்துச் சென்னைக்கு வந்து, விடியற்காலையில் ஏதாவது வீட்டுத் தோட்டத்தில், சில நேரம் கார் நிறுத்துமிடத்தில்கூட விழுந்து கிடக்கும். கண்ணாடி ஜன்னலில் மோதியும் விழும். காக்கைகள் சூழ்ந்துகொண்டால் பிழைப்பது கடினம். கண்ணில் பட்டால், ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து மெதுவாக உள்ளே வைத்து, இருட்டான, சத்தமில்லாத அறையில் வை. வாயில் தண்ணீர் ஊற்றாதே, புறையேறிவிடும். பையன் தொட்டுப் பார்க்க அழுதாலும் விடாதே. தெளிந்ததும் புதர் ஓரமாகத் திறந்து விட்டால் போய்விடும். சிறகு அடிபட்டிருந்தால் கிண்டியில் வனத்துறைக்குச் சொல். தெம்பாக இருக்கிற குருவி என்றால் சருகடியில் புழு தேடிச் சாப்பிட்டுத் தானே பயணத்தைத் தொடரும். சிமெண்ட் தரையில் அதற்கு என்ன கிடைக்கும்? மாப்பிள்ளையிடம் வேறு கணக்கும் சொல்: 2019 கோடையில் ஊரே தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றது அவருக்கு நினைவிருக்கும். மழை இறங்க மண் வேண்டும். நடக்கிற பாதைக்கு மட்டும் கல் பதித்துக்கொள்ளுங்கள்.

உடனே ஏதாவது செய்துதான் ஆக வேண்டும் என்று உனக்குக் கை துறுதுறுத்தால், தண்ணீர் வை. விளிம்பு அகலமான மண்தட்டு, ஆழம் இரண்டு விரல் போதும், நடுவில் ஒரு கல். பூனை பதுங்க முடியாத இடமாக, இடுப்பு உயரத்துக்கு மேலே வை. தினமும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவு. டெங்கு கொசு பாத்திரத்தின் சுவரில்தான் முட்டை ஒட்டும், தண்ணீரை மட்டும் மாற்றினால் முட்டை போகாது. சோப்பு கூடாது. கத்திரி வெயிலில் இந்த ஒரு தட்டுக்கு வருகிற கூட்டத்தை நீயே பார்ப்பாய்.

பழம் வைக்க ஆசையென்றால் கனிந்த வாழைப்பழமோ பப்பாளித் துண்டோ வை. மாங்குயில் வராவிட்டாலும் கொண்டைக்குருவி, மைனா, குயில், எப்போதாவது வால்காக்கை வரும். சாயங்காலத்துக்குள் மீதியை எடுத்துவிடு. பிரெட், மிக்சர், உப்புப் போட்ட சாதம் எதுவும் ஆகாது. நம் வீட்டில் கனுவன்று மஞ்சள் இலையில் சாதம் வைப்பது வேறு, அது வருஷத்துக்கு ஒரு நாள்.

தானியம் மட்டும் கொட்டாதே. தி. நகரில் உன் சித்தி இருக்கும் அடுக்குமாடியில் யாரோ கம்பும் சோளமும் கொட்டப் போய், ஏ.சி. பெட்டியெல்லாம் புறா எச்சம். மும்பை தாதரில் பல பத்தாண்டுகளாகப் புறாவுக்குத் தானியம் போட்டுவந்த இடத்தையே 2025இல் மாநகராட்சி மூடியது. எச்சத் தூசியால் நுரையீரல் கெடுகிறது என்பதுதான் காரணம். ஆனால் ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தேடி வந்த கிளிகளுக்கு மொட்டைமாடியில் ஊறவைத்த அரிசி வைத்தார். ஆயிரக்கணக்கில் வந்தன. காலையும் மாலையும் தவறாமல், ஊருக்குப் போகாமல் செய்தார். அது தவம் மாதிரி. லீவு விட்டால் ஊருக்குக் கிளம்புகிற வீட்டில் அதைத் தொடங்கக் கூடாது.

பையனுக்குப் படிக்கத் தெரிந்ததும் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளைக் கொடு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணன் நம் மயிலாப்பூரில் இருந்துகொண்டே, 1950 முதல் 1996இல் கண்மூடும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகைக்கு இயற்கை பற்றி விடாமல் எழுதியவர். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். உன் கொல்லையில் கால் மணி நேரம் உட்கார்ந்து வந்தவற்றைக் குறித்து அனுப்பினாலே போதும். பையனோடு சேர்ந்து செய்.

கொத்தனாரிடம் இன்றைக்கே சொல்லி நிறுத்திவிடு. ஞாயிற்றுக்கிழமை கல்யாண முருங்கைப் போத்து ஒன்று வெட்டிக்கொண்டு வருகிறேன். மழை ஈரத்திலேயே வேர் பிடித்துவிடும். சுவரிலிருந்து ஆறடி தள்ளி, ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி வை. அதன் இலையில் பெரியம்மா அடை தட்டிக் கொடுப்பதாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
பெரியப்பா