மருந்து சேர்க்குமுன் மணியைக் கேள்

அன்புள்ள தம்பிக்கு,

சிகாமட்டில் பணியேற்றிருக்கிறாய். நரம்பியல் நிபுணரைப் பார்க்க உன் நோயாளிகளில் பலர் ஜொகூர் பாருவுக்கோ மலாக்காவுக்கோ போய்வர வேண்டியிருக்கும். இடைப்பட்ட மாதங்களில் அவர்களுடைய பார்க்கின்சன் நோய்க்கு நீதான் டாக்டர். நடுக்கம் கூடிவிட்டது என்று வந்து உட்காருவார்கள். இன்னொரு மருந்தை எழுத உனக்குக் கை பரபரக்கும். அங்கே கொஞ்சம் நிதானிக்கச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

லாபிஸ் பக்கம் பால்மரம் சீவிய பெரியவர் ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். அவருடைய லெவோடோபா மாத்திரைப் பையில் 'நாளைக்கு மூன்று வேளை' என்று எழுதியிருந்தது. முதல் வேளையை எட்டு மணிக்குப் பசியாறும்போது போட்டுக்கொள்வார்: ரொட்டி சானாய், பருப்புக் கறி, ஒரு கிளாஸ் தே தாரிக், கூடவே மாத்திரை. ஆனால், தோட்டத்துப் பழக்கத்தில் அவர் கண் விழிப்பது நாலரைக்கு. அதிலிருந்து எட்டு மணி வரை உடம்பு மரக்கட்டைதான். மனைவி தாங்கிப் பிடித்தால்தான் கழிவறைக்குப் போக முடியும். புதிதாக எதையும் எழுதவில்லை. முதல் மாத்திரையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விழித்ததும் வெறும் தண்ணீரில் விழுங்கச் சொன்னேன். பசியாறுவது முக்கால் மணி நேரம் கழித்து. பாலிலும் பருப்பிலும் உள்ள புரதம் குடலிலும், பிறகு மூளைக்குள் நுழையும் இடத்திலும் லெவோடோபாவோடு போட்டி போடும். அடுத்த முறை வந்தபோது அவர் மனைவி காலையைப் பற்றிப் பேசவே இல்லை. சாயங்காலத்தைப் பற்றித்தான் பேசினார்.

சாயங்காலத்துக்குத்தான் துணை மருந்து தேவைப்பட்டது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது தவறே இல்லை. நாம் எழுதும் முதல் மாத்திரையே கூட்டு மருந்துதானே. 1961-இல் வியன்னாவில் பிர்க்மாயரும் ஹோர்னிகீவிச்சும் லெவோடோபாவை ஊசி வழியே ஏற்றியபோது, படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். ஆனால் தனியாகக் கொடுத்தால் அதில் பெரும்பகுதி மூளையை எட்டுமுன்பே டோபமைனாக மாறிக் குமட்டலைத் தரும். அதைத் தடுக்கவே சினமெட்டில் கார்பிடோபா, மடோபாரில் பென்சராசைடு. பின்னால் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு திட்டமான வேலை இருக்க வேண்டும். என்ன வேலை, எந்த மணிக்கு என்று சொல்ல முடியவில்லையா, எழுதாதே.

லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போதும். ஆரம்ப வருடங்களில் மூளை அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும். நோய் முற்ற முற்ற அந்தச் சேமிப்பு கரைந்துபோகும். அடுத்த வேளைக்கு முன்பே மருந்தின் பலன் இறங்கினால் வேளைகளை நெருக்கிக் கொடு, அல்லது என்டகபோனைச் சேர். தனியாகக் கொடுத்தால் என்டகபோனால் பயனில்லை. லெவோடோபாவோடுதான் போக வேண்டும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு, இல்லாவிட்டால் ரத்தம் என்று பயந்து நிறுத்திவிடுவார்கள். நடுக்கத்துக்கு பென்செக்சால் கேட்கும்தான். ஆனாலும் எழுபதைத் தாண்டியவருக்கு எழுதாதே. புத்தி தடுமாறும், சிறுநீர் அடைத்துக்கொள்ளும்.

பிராமிபெக்சோல், ரொபினிரோல் தொடங்கினால் வீட்டாரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்: நாலு நம்பர் எடுப்பது கூடியிருக்கிறதா? கடன் வாங்குகிறாரா? நோயாளி வெட்கப்பட்டு மறைப்பார். இது அவருடைய குணக்கேடு அல்ல, மருந்து செய்யும் வேலை என்று குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லக்கூடியவன் நீ ஒருவன்தான்.

மருந்துப் பையை மேசையில் கொட்டச் சொல். வாந்திக்கும் தலைசுற்றலுக்கும் வேறெங்கோ வாங்கிய மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், சின்னரிசின் அதில் கிடக்கும். இவை டோபமைனின் வழியை அடைப்பவை. நோய் இல்லாதவரையே விறைக்க வைக்கும். நீ ஒரு மாத்திரையைச் சேர்ப்பதைவிட இதில் ஒன்றை எடுத்துவிடுவது பல நேரம் பெரிய வைத்தியம். இரும்புச்சத்து மாத்திரையை லெவோடோபாவிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி வை.

ஊருக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்த பூனைக்காலி விதைப் பொடியும் இருக்கலாம். ஏளனம் செய்யாதே. 1937-இல் சென்னையில் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்துதான் லெவோடோபாவைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பொடியில் இருப்பதும் நீ எழுதுவதும் ஒரே மருந்து. விதைக்கு விதை அளவு மாறும், மடோபாரோடு சேர்ந்தால் வேகமும் கூடும். உடம்பு தானாக நெளிகிறது, இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் பொடியையும் கணக்கில் எடு. இதைத் திட்டாமல் சொன்னால்தான் அடுத்த முறையும் உண்மையைச் சொல்வார்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நிமோனியாவுக்கோ இடுப்பு எலும்பு முறிவுக்கோ நோயாளியை வார்டில் சேர்க்கும்போது, மருந்து அட்டையில் 'மூன்று வேளை' என்று எழுதாதே. வீட்டில் அவர் விழுங்கும் மணியை எழுது, நர்ஸிடம் வாயாலும் சொல். லெவோடோபா திடீரென்று நின்றால் கடும் காய்ச்சலும் விறைப்பும் வந்து உயிரே போகலாம். விழுங்க முடியாவிட்டால் அன்றைக்கே மூக்குக் குழாய் போட்டு, தண்ணீரில் கரையும் மடோபாரைக் கொடு. மெதுவாகக் கரையும் வகையைப் பொடித்துப் போடக் கூடாது. நள்ளிரவானாலும் நிபுணரைத் தொலைபேசியில் எழுப்பத் தயங்காதே.

அன்புடன்,
உன் மூத்த தோழன்