தொலைவிலிருந்து தட்டும் சுவிட்சு: அங்கத்தினர் அறியவேண்டிய பாடம்

மின்சாரம் இன்று நெசவாளர் இல்லத்திலும் விவசாயியின் கொல்லையிலும் ஓய்வறியாத வேலையாளாக உழைத்து வருகிறது. அவ்வேலையாளுக்குக் கட்டளையிட வேண்டுமானால் சுவரருகே சென்று சுவிட்சைத் தட்டவேண்டும் என்பதே நெடுங்காலமாக வழக்கம். இப்பொழுதோ, வீட்டிலுள்ள பிளக் பாயிண்டையும் வயலிலுள்ள மோட்டாரையும் கைப்பேசியைக் கொண்டு ஊரின் மறுகோடியிலிருந்தே இயக்கவும் நிறுத்தவும் இயலுகிறது. 'ஸ்மார்ட் பிளக்' எனப்படும் சிறு கருவி ஏறத்தாழ ஆயிரம் ரூபாய்க்கே கிடைப்பதால், முத்தியால்பேட்டையின் நெருக்கமான தெருக்களில் வாழும் நம் அங்கத்தினர்களும், பாகூர்ப் பக்கத்து விவசாய அங்கத்தினர்களும் இதனை வாங்கலாமா என்று கேட்கின்றனர். அதற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சுவரருகே நின்று சுவிட்சைத் தட்டுகிறவர் தம் எதிரே இருப்பதைக் காண்கிறார். சட்டியில் நீர் இருக்கிறதா, இயந்திரத்தின் அருகே குழந்தை நிற்கிறதா என்று பார்த்த பின்னரே தட்டுகிறார். தொலைவிலிருந்து தட்டுகிறவர் இவற்றைக் காண்பதில்லை. இப்புதிய வசதியினால் நமது கை நீண்டிருக்கிறது, கண் நீளவில்லை. இந்த ஓர் உண்மையை மனத்திற் கொண்டால் மற்ற விதிகள் யாவும் தாமே விளங்கும்.

1. இம்முறையின் வரலாறு

தொலைவிலிருந்து ஒரு பொருளை இயக்குதல் முற்றிலும் புதியதன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரில் கம்பியில்லா முறையில் ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். பிரான்சு நாட்டில் சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில், மின்வாரியம் சாதாரண மின்கம்பி வழியாகவே வினாடிக்கு 175 அதிர்வுள்ள ஒரு குறிப்பொலியை அனுப்பி, இலட்சக்கணக்கான வீடுகளில் வெந்நீர்க் கொதிகலன்களை இரவு வேளையில் இயங்கச் செய்தது. இரவில் மின்கட்டணம் குறைவு. கொதிகலனில் வெப்பம் ஓர் அளவை எட்டியதும் தானே நின்றுவிடும் அமைப்பும் இருந்தது. ஆதலால் கண்காணிப்பார் இன்றியே அது நடைபெற்றது. இக்குறிப்பைப் பின்னர் நினைவுகூர்வோம்.

நமது புதுச்சேரியிலும் 2012இல் பவர்கிரிட் நிறுவனமும் மின்துறையும் சேர்ந்து 'ஸ்மார்ட் கிரிட்' முன்னோடித் திட்டத்தைத் தொடங்கின. வீட்டு மீட்டருடன் தொலைவிலிருந்தே தொடர்பு கொள்வது அத்தகைய திட்டங்களின் அடிப்படையாகும்.

2. கருவி எவ்வாறு இயங்குகிறது?

ஸ்மார்ட் பிளக்கின் உள்ளே முக்கியமானவை இரண்டு. ஒன்று, வீட்டிலுள்ள வைஃபையுடன் பேசும் சிறு மின்னணுச் சில்லு. மற்றொன்று 'ரிலே'. ரிலே என்பது மின்காந்தத்தால் இழுக்கப்பட்டு மூடித் திறக்கும் ஒரு சுவிட்சேயாகும். விரலுக்குப் பதிலாகக் காந்தம் தட்டுகிறது, அவ்வளவே.

நாம் வெளியூரிலிருந்து கைப்பேசியில் கட்டளையிட்டால் அது நேரே நம் வீட்டிற்குச் செல்வதில்லை. கருவியை விற்ற நிறுவனத்தின் சர்வர் என்னும் கணினிக்கு முதலிற் சென்று, அங்கிருந்து நம் வீட்டு வைஃபை வழியாக ரிலேயை அடைகிறது. ஆகவே வீட்டில் இணையம் நின்றாலும், சர்வர் நின்றாலும், கட்டளை நடுவழியில் நின்றுவிடும்.

வயலிலோ வைஃபை இராது. அங்கே கைப்பேசிச் சிம் பொருத்திய ஸ்டார்ட்டர் பயன்படுகிறது. இதில் முன்னோடியாக விளங்கியவர் புனே நகரத்துப் பொறியாளர் சந்தோஷ் ஓஸ்த்வால் ஆவார். தம் பாட்டனார் முதிய வயதில் பம்பை இயக்குவதற்காக வயலுக்கு நடந்து வருந்தியதைக் கண்ட அவர், 'நானோ கணேஷ்' என்னும் கருவியை உருவாக்கினார். அதற்கு 2009இல் நோக்கியா நிறுவனத்தின் பரிசு கிடைத்தது. மும்முனை மின்சாரம் முறைவைத்து வழங்கப்படும் ஊர்களில், நள்ளிரவில் பாம்புக்கும் பள்ளத்திற்கும் அஞ்சி வரப்பில் நடக்கும் விவசாயிக்கு இஃது உயிர்காக்கும் உதவி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் கட்டளை சென்றது வேறு. காரியம் நடந்தது வேறு. ரிலே மூடியது என்று கைப்பேசி கூறும். குழாயில் தண்ணீர் வருகிறது என்று அது கூறாது. இவ்வேற்றுமையை மறவாதிருத்தல் வேண்டும்.

3. எவற்றை மாட்டலாம்? எவற்றை மாட்டலாகாது?

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 10 ஆம்பியர் தாங்கும் பிளக், 230ஐப் பத்தால் பெருக்கினால் வரும் 2,300 வாட் வரையிலுமே தாங்கும். 2,000 வாட் வெந்நீர்க் கருவி சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும்.

கணக்கின்படி இஸ்திரிப் பெட்டியை மாட்டுவதற்குத் தடை இல்லை. ஆயினும் மாட்டலாகாது என்றே கூறுவோம். மடித்த துணியின்மேல் கவிழ்ந்திருக்கும் பெட்டி, எங்கோ இருக்கும் ஒருவரின் விரல் தவறிப்பட்டுச் சூடேறினால் நேரும் விளைவை ஆம்பியர்க் கணக்குத் தடுக்காது. நூலும் பாவும் துணியும் நிறைந்த நெசவாளர் வீட்டில் தீ என்பது வீட்டை மட்டுமின்றிப் பிழைப்பையும் அழித்துவிடும். ஆகவே மின்னடுப்பு, இஸ்திரிப் பெட்டி, வாளியில் இடும் வெந்நீர்க் கம்பி, சாய நீரைச் சூடாக்கும் சாதனம் ஆகியவற்றைத் தொலைச் சுவிட்சில் மாட்டவே கூடாது. பிரான்சு நாட்டுக் கொதிகலனை இங்கு நினைவுகூர்க. அது சுவரில் நிலையாகப் பொருத்தப்பட்டது. வெப்பம் மிகுந்தால் தானே நிற்பது. வாளியிலுள்ள கம்பிக்கு அத்தகைய காவல் இல்லை.

அடுத்து, சுழலும் இயந்திரங்கள். தார் சுற்றும் இயந்திரத்தில் நூல் அறுந்தால் நிறுத்திவிட்டு விரலால் எடுத்துக் கட்டுவது நம் பெண்மணிகளின் அன்றாட வேலை. அவ்வேளையில் வேறோரிடத்திலிருந்து மகனோ மருமகளோ அறியாமல் இயந்திரத்தை ஓடவிட்டால் விரல் என்னாகும்? ஆகவே சுழலும் எந்த இயந்திரத்தையும் தொலைச் சுவிட்சில் இணைத்தல் தகாது. அதன் சுவிட்சு, அதில் வேலை செய்பவரின் கைக்கெட்டும் இடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும்.

மாட்டத்தக்கவை யாவை? வாயில் விளக்கு, தறிக்கூட விளக்கு, வைஃபை ரவுட்டர், கைப்பேசிச் சார்ஜர் போன்றவை. இவை தவறுதலாக எரிந்தாலும் மின்கட்டணம் சிறிது கூடுமேயன்றி வேறு கேடு இல்லை. 'நான் காணாதபோது இது தானே இயங்கினால் நேரக்கூடிய மிகப் பெரிய கேடு யாது?' என்று ஒவ்வொரு சாமானைக் குறித்தும் கேட்டுப் பார்க்கவேண்டும். விடை அற்பமானால் மாட்டலாம்.

மாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டார் இவ்விரு வகைக்கும் இடைப்பட்டது. அரைக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரம் குறைவே. புறப்படும்போதோ பல மடங்கு இழுக்கும். அதனால் ரிலேயின் முனைகள் பொசுங்கி ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டிவிட்டால் கைப்பேசியில் 'நிறுத்து' என்று எத்தனை முறை தட்டினாலும் மோட்டார் நில்லாது. எனவே மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் தாங்க, அந்தக் கான்டாக்டரை மட்டும் ரிலே இயக்குமாறு தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு அமைக்கவேண்டும். அத்துடன், தொலைவிலுள்ள கைக்குத் துணையாக அவ்விடத்திலேயே ஒரு கண்ணையும் வைக்கவேண்டும். தொட்டி நிறைந்ததும் நிறுத்தும் மிதவைச் சுவிட்சும், நீரின்றி மோட்டார் ஓடினால் நிறுத்தும் காப்புக் கருவியுமே அந்தக் கண்கள்.

4. பழுது பார்க்கும்போது

கைப்பேசி 'நின்றது' என்று காட்டுவதை நம்பி எவரும் கம்பியைத் தொடலாகாது. ரிலே பெரும்பாலும் இரு கம்பிகளில் ஒன்றையே துண்டிக்கும். சுவரில் பேஸும் நியூட்ரலும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தால், நின்றுபோன சாமானிலும் மின்சாரம் இருந்துகொண்டேயிருக்கும். பிளக்கைக் கழற்றுதல், அல்லது மெயினை நிறுத்தி ஃபியூஸைக் கையில் எடுத்துக்கொள்ளுதல் ஆகியவையே மெய்யான நிறுத்தம். கிணற்றில் ஆள் இறங்கும்போது இவ்விதி இருமடங்கு கட்டாயமானது. வீட்டிற்கு எர்த் இணைப்பும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தை வெட்டும் காப்புச் சுவிட்சும் இருத்தல் இன்றியமையாதது.

முத்தியால்பேட்டை கடலையடுத்த பகுதி. உப்புக்காற்றால் பிளக்கின் பித்தளை முனைகள் களிம்பேறும். களிம்பேறிய முனை சூடேறும். மாதம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி, கறுத்தோ இளகியோ இருக்கிறதா என்று பார்த்தல் நலம்.

மின்வெட்டு நீங்கி மின்சாரம் திரும்பும்போது கருவி என்ன செய்யவேண்டும் என்பதையும் முன்பே தீர்மானிக்கலாம். 'நின்ற நிலையிலேயே இரு' என்று அமைப்பதே பாதுகாப்பானது.

5. தனியொருவர் வசதியும் பொது நன்மையும்

தெலங்கானாவில் 2018 ஜனவரி 1 முதல் விவசாயத்திற்கு 24 மணி நேரமும் இலவச மின்சாரம் வழங்கப்பட்டது. அதற்கு முன் மின்சாரம் வந்தவுடன் தானே ஓடத் தொடங்கும் ஸ்டார்ட்டர்களைப் பலர் பொருத்தியிருந்தனர். அவை இரவும் பகலும் ஓடி நிலத்தடி நீரை வீணாக்கும் என்று அஞ்சிய அரசு, அவற்றைக் கழற்றிவிடுமாறு விவசாயிகளை வேண்டிக்கொண்டது. ஒவ்வொருவருக்கும் வசதியாயிருந்த கருவி, யாவருக்கும் பொதுவான நீருக்குக் கேடாயிற்று. மேலும், ஒரே டிரான்ஸ்பார்மரின்கீழ் உள்ள மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் புறப்பட்டால் மின்னழுத்தம் சரிந்து மோட்டார்ச் சுருள்கள் எரிய நேரிடும். ஒருவர்பின் ஒருவராக முறைவைத்து இயக்குவதே கூட்டுறவாளருக்கு அழகு. கைப்பேசி ஸ்டார்ட்டர் அதற்கு உதவவும் செய்யும். முன்கூட்டி முறையை வகுத்துக்கொள்ளுதல் மட்டும் நம் பொறுப்பு.

6. சாவி யாரிடம்?

வீட்டுக் கதவின் சாவியை எவரிடமும் கொடோம். தொலைச் சுவிட்சின் சாவி அதன் கடவுச்சொல். 2016இல் 'மிராய்' என்னும் தீய நிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டிருந்த காமிராக்களையும் ரவுட்டர்களையும் பெருந்தொகையாகக் கைப்பற்றியது. அவற்றைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவில் பல இணையச் சேவைகள் முடக்கப்பட்டன. பயன்படுத்திய சூழ்ச்சி 60-க்கு மேற்பட்ட சாதாரணப் பெயர்–கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததே.

நிறுவனத்தின் சர்வரை நம்பியிருப்பதன் விளைவையும் அறிதல் வேண்டும். பெல்கின் நிறுவனம் தனது 'வீமோ' பிளக்குகளிற் பெரும்பாலானவற்றுக்கு 2026 ஜனவரி 31உடன் ஆதரவை நிறுத்துவதாக 2025இல் அறிவித்தது. பிளக் பழுதாகவில்லை, தொலைவிலிருந்து கட்டளை செல்லும் வழியே அடைபட்டது. ஆகவே வாங்கும்போது, சர்வர் இன்றி வீட்டு வைஃபையிலேயே இயங்குமா, கையால் தட்டும் பொத்தான் உண்டா என்று கேட்டு வாங்குக.

7. சங்கம் செய்யத்தக்கது

நிர்வாகக் குழு பின்வருவனவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றலாம்.

(அ) தறிக்கூடம், பொதுக் கிணறு ஆகியவற்றின் தொலைச் சுவிட்சை இயக்கும் உரிமை இருவருக்கு மட்டுமே உண்டு. அவர்கள் பெயரைப் பதிவேட்டில் எழுதுக.

(ஆ) அவர்களுள் ஒருவர் பொறுப்பு நீங்கினால் அன்றே கடவுச்சொல்லை மாற்றுக.

(இ) பழுது பார்க்கும்போது மெயினை நிறுத்தி, 'ஆள் வேலை செய்கிறார்' என்ற பலகையை மாட்டுக.

(ஈ) இந்தியத் தர முத்திரை பெற்ற சாக்கெட்டுகளையும் கம்பிகளையும் சங்கமே மொத்தமாக வாங்கி அங்கத்தினர்க்கு வழங்குக. தனித்தனியே மலிவு தேடுவதினும் இது சிக்கனம்.

(உ) வயல் ஸ்டார்ட்டர்களின் சிம் காலாவதியாகும் நாளைக் குறித்துவைத்து முன்னதாகவே புதுப்பிக்குக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. உங்கள் வீட்டிலுள்ள மின்சாதனங்களைப் பட்டியலிட்டு, காணாமல் இயக்கத்தக்கவை எவை, தகாதவை எவை எனப் பிரிக்க.

2. 6 ஆம்பியர் பிளக்கில் 1,500 வாட் சாதனத்தை மாட்டலாமா? கணக்கிட்டுக் கூறுக.

3. உங்கள் மோட்டார் நின்றதைக் கைப்பேசியன்றி வேறு எவ்வழியால் உறுதி செய்வீர்?

அங்கத்தினர்கள் இவ்வினாக்களுக்கு விடை எழுதி அடுத்த திங்கள் கூட்டத்திற்குக் கொணர்ந்து விவாதிப்பார்களாக. கருவியை வாங்குவது அதன் பின்னர் ஆகட்டும்.