கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமல்ல
(சிறு கடை நடத்துவோருக்கு ஒரு கணக்குப் பாடம்)



பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களில் பலர் சிறு கடை வைத்திருக்கிறார்கள். இன்னும் பலர் வைக்க எண்ணியிருக்கிறார்கள். நான் வியாபாரியல்ல. டிப்ளமா படித்து ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆனால் கோலார் தங்கவயலில், ஸ்கெலட்டன் பகுதியில் என் தாயார் நடத்திய சிறு மளிகைக் கடையில் வளர்ந்தவன். அந்தக் கடை வாழ்ந்ததையும் நொடித்ததையும் பார்த்தவன் என்ற முறையில் சில கணக்குகளை இங்கே தருகிறேன்.

முதல் கணக்கு: கூலியும் லாபமும்

ஒரு கடையில் நாளொன்றுக்கு 4,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சரக்கின் கொள்முதல் விலை 3,400 ரூபாய். மிச்சம் 600 ரூபாய், அதாவது விற்பனையில் 15 சதவீதம். 30 நாளைக்கு 18,000 ரூபாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இனி செலவைப் பாருங்கள்.

வாடகை 4,000, மின்சாரம் 800, சரக்கு ஏற்றிவரும் கூலி 1,500, கெட்டுப்போனதும் எலி கடித்ததும் 1,200, கடனுக்கு வட்டி 1,000. மொத்தம் 8,500 ரூபாய். மீதி 9,500 ரூபாய்.

காலை முதல் இரவு வரை தினமும் 14 மணி நேரம் ஒருவர் கடையில் உட்கார்ந்தால் மாதம் 420 மணி நேரம். மணிக்கு 23 ரூபாய்கூடத் தேறவில்லை. எனவே இந்த 9,500 ரூபாயை லாபம் என்று சொல்வதற்கில்லை. அது கடைக்காரரின் கூலி. வீட்டுச் சமையலுக்குக் கணக்கு எழுதாமல் தினம் 100 ரூபாய்ச் சரக்கு எடுத்தால் அதிலும் 3,000 ரூபாய் குறையும்.

இன்னொன்று: 8,500 ரூபாய்ச் செலவை 15 சதவீத மிச்சத்தில் ஈடுகட்ட மாதம் சுமார் 56,700 ரூபாய்க்கு விற்றாக வேண்டும். அதாவது தினமும் ஏறக்குறைய 1,900 ரூபாய் விற்கும்வரை கடை கடைக்காகவே ஓடுகிறது. அதற்குப் பிறகு விற்பதில்தான் வீட்டுக்கு வருமானம். உங்கள் கடையில் அந்தத் தொகை எவ்வளவு? இதை அறியாமல் கடை நடத்துவது, சிக்னல் பாராமல் ரயிலை ஓட்டுவது போன்றது.

இரண்டாவது கணக்கு: கடன் நோட்டு

1,000 ரூபாய்க் கடன் வராமல் போனால் நஷ்டம் எவ்வளவு? கையை விட்டுப் போன சரக்கின் முதல் 850 ரூபாய். அதை 15 சதவீத மிச்சத்தில் மீட்க இன்னும் 5,667 ரூபாய்க்கு விற்க வேண்டும். ஒருவர் தராததை ஈடுகட்ட, ரொக்கம் கொடுக்கும் எத்தனையோ பேர் வந்தாக வேண்டும்.

எங்கள் ஊர்க் கதையைச் சொல்கிறேன். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தது முதல் தங்கவயலின் கடைவீதிகள் சுரங்கத்துச் சம்பளத்தை நம்பியே வளர்ந்தன. மாதம் முழுவதும் கடன், சம்பள நாளில் வசூல். பல்லாண்டுகள் இது ஒழுங்காகவே நடந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது.

அப்போது நான் வெளியூரில் பணியில் இருந்தேன். விடுப்பில் வந்தபோது அம்மாவின் கடன் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். 41 வீடுகள், 38,000 ரூபாய். மொத்த வியாபாரிக்கு அம்மா தரவேண்டியதோ 22,000 ரூபாய். "கேட்டு வாங்கலாமே" என்றேன். "அடுப்பு எரியாத வீட்டு வாசல்ல போய் நின்னு எப்படிப்பா கேக்கறது?" என்றார்கள். கம்மலையும் இரண்டு வளையலையும் விற்று வியாபாரியின் பாக்கியைத் தீர்த்தார்கள். அடுத்த ஆண்டு கடை மூடப்பட்டது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. வேலை தேடிப் பெங்களூர் ரயிலேறிய சிலர், நாலைந்து ஆண்டுகள் கழித்துத் தாமாகவே வந்து பாக்கியைக் கொடுத்தார்கள். ஆனால் அப்போது கடை இல்லை. தவறு மனிதர்களிடம் இல்லை, அமைப்பில் இருந்தது. 41 வாடிக்கையாளர்கள் என்று அம்மா எண்ணியிருந்தார்கள். உண்மையில் எல்லாருடைய பணமும் ஒரே வாயிலிலிருந்து வந்தது. அந்த வாயில் அடைபட்டதும் நாற்பத்தொன்றும் ஒன்றாய் நின்றுபோயின. உங்கள் வாடிக்கையாளரும் ஒரே தொழிற்சாலையை, ஒரே கட்டட வேலையை நம்பியவர்களா என்று இன்றே எண்ணிப் பாருங்கள்.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. ஒரு பகுதியில் முன்சென்ற ரயில் வெளியேறாமல் அடுத்த ரயிலை அதற்குள் விடமாட்டோம். கடனுக்கும் இதுவே விதி: பழையது தீராமல் புதியது இல்லை. மொத்தக் கடன் உங்கள் ஒரு வாரக் கொள்முதலைத் தாண்டவும் கூடாது.

அப்படியானால் கஷ்டப்படுபவருக்கு உதவக்கூடாதா? தாராளமாக உதவலாம். மாதம் இவ்வளவு என்று முன்பே தீர்மானித்து, அதை உதவி என்றே எழுதிக் கொடுங்கள். கடன் என்று எழுதிவிட்டுக் கேட்க முடியாமல் தவிப்பதால்தான் இரண்டு வீடுகளும் மனம் நோகின்றன.

மூன்றாவது கணக்கு: நூறு நாள் தவணை

சரக்கு வாங்கப் பணமில்லாதபோது கைகொடுப்பது தினத் தவணைக்காரர். 10,000 ரூபாய்க் கடன். கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாய்தானே" என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், நம்மிடம் சராசரியாக இருந்தது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 80 சதவீத வட்டி! 15 சதவீத மிச்சத்தில் ஓடும் கடை இதை எத்தனை நாள் தாங்கும்? 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிறு தொழிலுக்கு ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கிடைக்க வழி உண்டு. ஓரிரு முறை அலைய நேர்ந்தாலும் அந்த அலைச்சல் வீண்போகாது.

நான்காவது கணக்கு: செல்போனில் வரும் பணம்

2025 ஜூலையில் கர்நாடகத்தில் நடந்தது நினைவிருக்கும். செல்போன் வழியாக வந்த தொகையைப் பார்த்து வணிகவரித் துறை சிறு வியாபாரிகள் பலருக்கு நோட்டீஸ் அனுப்பியது. பயந்துபோன பலர் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் கேட்டார்கள். சரக்கு மட்டும் விற்பவருக்கு இங்கே ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் விற்பனை. அதாவது நாளைக்குச் சுமார் 10,950 ரூபாய். நம் உதாரணக் கடையின் ஆண்டு விற்பனை 14 லட்சத்து 60 ஆயிரம்தான். ஆனால் தம்பி அனுப்பிய பணம், சீட்டுப் பணம், கைமாற்று எல்லாம் அதே கணக்கில் விழுந்தால் எது விற்பனை என்று நாளை எப்படிக் காட்டுவீர்கள்? எனவே கடைக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கொள்முதல் ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.

வீட்டுப் பாடம்

இந்த வாரம் மூன்று நோட்டுகள் போடுங்கள்: ஒன்று அன்றாட விற்பனைக்கும் கொள்முதலுக்கும், இரண்டாவது கடனுக்கு, மூன்றாவது வீட்டுக்கு எடுத்த சரக்குக்கும் பணத்துக்கும். இரவு கடை சாத்தியதும் பத்து நிமிடம் போதும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைக் கூட்டிப் போடச் சொல்லுங்கள். கணக்கும் வரும், பெற்றோரின் உழைப்பும் புரியும்.

அம்மாவின் நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அதில் கூட்டலில் ஒரு பிழைகூட இல்லை. ஆனால் கடன் எந்த அளவோடு நிற்க வேண்டும் என்ற கோடு மட்டும் எந்தப் பக்கத்திலும் போடப்படவில்லை. உங்கள் நோட்டில் அந்தக் கோட்டை இன்றே போடுங்கள்.