இலை விடும் ஆட்டம்

கோதையாறு அருவியாக விழும் ஊர், குமரி மாவட்டத்துத் திற்பரப்பு. அங்கே சிறுவர் பலர் நீரில் துள்ளி மகிழ்கின்றனர். ஒரு சிறுவன் மட்டும் அருவியின் இரைச்சல் தாங்காமல் காதுகளைப் பொத்திக்கொண்டு, ஆழமற்ற ஓரத்தில் மிதந்துசெல்லும் இலைகளையே நோக்கி நிற்பதாகக் கொள்வோம். காண்போர் அதனைப் பிடிவாதம் என்பர். அவனோ ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் உடைய குழந்தை.

மதியிறுக்கம் தொற்றும் நோயன்று. மூளை வளர்ச்சியில் அமையும் வேறுபாடு. 1943ஆம் ஆண்டில் லியோ கேனர் என்னும் மருத்துவர் இதனை விரிவாக எழுதினார். அன்பற்ற வளர்ப்பே காரணம் எனத் தாயரைப் பழித்த காலமும் உண்டு. பிற்கால ஆய்வுகள் அப்பழியைத் துடைத்தன.

இக்குழந்தைக்குக் கற்பிக்க, அவன் விருப்பமே வாயில். தாய் அருகமர்ந்து தானும் ஓர் இலையை விடலாம். அடுத்த இலையைக் கையில் ஏந்தி, 'விடட்டுமா?' எனக் கேட்டுக் காத்திருக்கலாம். பார்வையோ, கையசைவோ, சிற்றொலியோ எது வந்தாலும் அதுவே விடை. உடனே இலை மிதக்க வேண்டும். இவ்வாறு மாறிமாறி ஆடுவதே உரையாடலின் முதற்படி. வல்லுநரின் வழிகாட்டலோடு, உண்ணும்போதும் உடுத்தும்போதும் இப்பயிற்சியைத் தொடரலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மதியிறுக்கம் உடையோரையும் உள்ளடக்கியது. சட்டம் தந்த உரிமை தெருவிலும் வகுப்பறையிலும் மெய்யாவது நம் கையில் உள்ளது. அத்தகைய குழந்தையை நம் ஆட்டத்திற்கு அழைக்குமுன், அக்குழந்தையின் ஆட்டத்தில் நாம் சேர்வோம்.