எரிய மறுத்த கரி

தமிழ் கற்பிக்கும் நமக்கு மோட்டார் வண்டியைப்பற்றி எழுத யாது தகுதி உண்டென்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பட்ட பாடே தகுதி. கலகெதரவில் நம் இல்லத்துக்கும் பாடசாலைக்கும் இடைத்தூரம் மூன்று கிலோமீற்றர். அத்தூரத்தைக் கடக்க, இரண்டாங் கையாக வாங்கிய ஐரோப்பிய டீசல் காரொன்றை நாள்தோறும் ஓட்டினோம். எட்டாம் மாதத்தில் முகப்பிலே செம்மஞ்சள் விளக்கொன்று எரிந்தது, பின் அணையவில்லை.

அரிக்கன் லாம்பின் சிமினியிற் கரி படிவதை நாம் அறிவோம். டீசல் எஞ்சினும் அவ்வாறே கரித் துணிக்கைகளை உமிழ்கின்றது. அவற்றை வெளியே விடாது தடுப்பதே துணிக்கை வடிகட்டி. தேன்கூடு போன்ற அம்மட்கட்டியின் குழாய்கள் ஒன்றுவிட்டொன்று முன்னும் பின்னும் அடைக்கப்பட்டிருக்கும். ஆதலின் புகை நுண்டுளைச் சுவரை ஊடுருவியே செல்லல் வேண்டும். கரி சுவரிலே தங்கிவிடும். 2000ஆம் ஆண்டிற் பியூஜோ நிறுவனம் தன் 607 வண்டியில் இதனைப் பொருத்தி விற்றது. 2009இல் நடைமுறைக்கு வந்த யூரோ 5 விதியின் பின்னர் ஐரோப்பிய டீசல் கார்களில் இது பொதுவாயிற்று.

தங்கிய கரியைத் துடைக்க இயலாது. எரித்தே போக்கல் வேண்டும். அதற்கு ஏறத்தாழ 600 பாகை செல்சியசு வெப்பம் தேவை. குறுந்தூர ஓட்டத்தில் அவ்வெப்பம் கிட்டாது. ஆகவே வண்டியின் கணினி சிறிது டீசலை மிகையாகச் செலுத்தி, முன்னுள்ள ஒட்சியேற்றும் ஊக்கியில் எரியச்செய்து வெப்பத்தை உயர்த்தும். இதனைக் கராஜில் 'ரீஜெனரேசன்' என்பர்; நூலார் மீளுருவாக்கம் என்பர். அங்கே உருவாவது யாதுமில்லை, எரிவதே உண்டு. ஆதலின் நாம் 'கரியெரிப்பு' என்றே எழுதுவோம்.

விளக்கைக் கண்டதும், வேகமாக ஓட்டினாற் போதும் என்று ஒருவர் சொன்னதை நம்பி மாவத்தகம வழியே குருணாகலுக்கு இறங்கினோம். விளக்கு அசையவில்லை. காரணம் பின்னரே விளங்கிற்று. இறக்கத்தில் மிதியினின்று காலை எடுத்தால் எஞ்சினுக்கு டீசல் செல்லாது. வெறுங்காற்றே வடிகட்டியைக் குளிர்விக்கும். மலைநாட்டார் இதனை மனங்கொள்ளல் நன்று: ஏற்றம் உதவும், இறக்கம் கெடுக்கும்.

பின்னர் ஒரு கராஜில் கணினியை மாட்டி வலிந்து எரித்தனர். இரண்டு மாதத்தில் விளக்கு மீண்டது. மறுபடியும் எரித்தனர், மறுபடியும் மீண்டது. மூன்றாம் முறை, வடிகட்டியின் உள்ளீட்டை உடைத்தெடுத்துவிடலாம், செலவும் குறைவு என்றனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டுப் பல்லாண்டின் பின் 2025இல் தளர்த்தப்பட்ட நாட்டில், புதிய வடிகட்டியின் விலையைக் கேட்டபோது நமக்கும் அவ்வாசை எழுந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குடலற்ற வண்டியும் வருடாந்தப் புகைச்சோதனையிற் சித்தியெய்தலாம். சித்தியும் கல்வியும் வேறென்பதை ஆசிரியர் அறியாரா? ஆயினும் டீசற்புகை மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பதென 2012இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகுத்துரைத்தது. மலைசூழ்ந்த கண்டியில் புகை எளிதிற் கலைவதில்லை. பேருந்துக்குக் காத்துநிற்கும் நம் மாணவரின் முகத்தில் அக்கரியை ஊத நாம் இசையவில்லை.

தீர்வு ஒரு பழைய மாணவரிடமிருந்து வந்தது. அவர் எரிக்கத் தொடங்கவில்லை, கேட்கத் தொடங்கினார். வடிகட்டியின் முன்னும் பின்னுமுள்ள அமுக்க வேறுபாட்டை முதலிற் பார்த்தார். எஞ்சின் ஓடாதபோது அது பூச்சியம் காட்டல் வேண்டும். காட்டாவிடின் உணரியே பொய் சொல்கின்றது. எஞ்சினை முடுக்கும்போது அளவு ஏறல் வேண்டும். ஏறாவிடின் உணரியின் இறப்பர்க் குழாய் வெடித்தோ கழன்றோ இருக்கும், அன்றி வடிகட்டியே உடைந்திருக்கும். நம் வண்டியில் இரண்டும் ஒழுங்காயிருந்தன. அடுத்து அரைமணி நேரம் ஓட்டிக் குளிர்நீரின் வெப்பத்தைப் பார்த்தார். 90 பாகையை அண்மியிருக்க வேண்டிய நீர் 62இலே நின்றது. தேமோசுற்றாற்று திறந்தபடியே இறுகிவிட்டது! எஞ்சின் சூடாகவில்லை என்றெண்ணிய கணினி கரியெரிப்பைத் தானாக ஒருபோதும் தொடங்கவேயில்லை. அதன் விலை வடிகட்டியின் விலையில் மிகச் சிறு பகுதி.

அதுவும் நன்றாயிருந்து எரிப்பு நிகழாவிடின் வெப்ப உணரிகள், டீசல் தெளிகருவிகள், புகையை மீள்செலுத்தும் வால்வு ஆகியவற்றை ஆராய்தல் முறை. தாங்கியில் டீசல் மிகக் குறைந்தாலும் பல வண்டிகள் எரிக்கமாட்டா. கரி அளவுமீறித் திரண்டபின் வலிந்து எரித்தல் ஆபத்து. மிகை வெப்பத்தாற் கட்டி வெடிக்கும்.

எண்ணெயளவுக் கோலையும் அவர் இழுத்துப் பார்த்தார். எண்ணெய் குறைவதற்குப் பதிலாக மேற்கோட்டைத் தாண்டியிருந்தது. வலிந்து எரித்தபோதெல்லாம் எரியாத டீசல் அதிற் கலந்திருந்தது. உடனே மாற்றி, சாம்பல் குறைந்த, சி3 எனக் குறித்த எண்ணெயை ஊற்றினோம். எண்ணெயின் சாம்பல் வடிகட்டியிற் சேர்ந்தால் எந்த நெருப்பும் அதனைப் போக்காது.

மூன்று கிலோமீற்றர் ஓட்டம் இன்னும் மூன்று கிலோமீற்றரே. ஆகையால் இரு கிழமைக்கொரு சனிக்கிழமை குருணாகல் சென்று, 2022 சனவரியில் திறக்கப்பட்ட அதிவேகப் பாதையில் மீரிகம வரை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டித் திரும்புகின்றோம். எரிப்பு நிகழ்கையில் எஞ்சினை நிறுத்துவதில்லை. நிறுத்த நேர்ந்தால் காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவதில்லை.